சாயம் போகும், சோடியம் போகாது

வருஷா வருஷம் நம்ம ப்ராஜெக்ட் எக்ஸ்போவில் பயோடெக் ஸ்டால் பக்கம் போனா, ஒரு போஸ்டராவது சாயக்கழிவு பத்தி இருக்கும். மேஜை மேல ரெண்டு கண்ணாடி ஜாடி. ஒன்றில் கருஞ்சிவப்புத் தண்ணி. இன்னொன்றில் பாக்டீரியா மூணு நாள் வேலை பார்த்து முடிச்ச தண்ணி, கிட்டத்தட்ட நிறமே இல்லாம. பார்க்க நல்லாத்தான் இருக்கும். அடுத்த தடவை அங்க போகும்போது அந்த ரெண்டாவது ஜாடியில் ஒரு டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பாருங்க. முதல் ஜாடியில் வந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

நிறம் போச்சு, உப்பு போகலை. ஏன்னு கேட்டா பதில் பயாலஜியில் கிடைக்காது. பத்தாம் வகுப்புக் கெமிஸ்ட்ரியில் இருக்கு, அதுவும் முதல் சில பக்கத்திலேயே. ப்ளஸ் டூவில் பயாலஜி எடுத்து, கெமிஸ்ட்ரியை "மனப்பாடம் பண்ணி பாஸ் பண்ற பேப்பர்"னு தாண்டி வந்த ஜூனியர்களுக்காகத்தான் இதை எழுதுறேன். நான் டெக்ஸ்டைல், ஊர் குண்டடம். எங்க தெருவில் பாதிப் பேருக்குக் காலையில் கம்பெனி வேன், மீதிப் பேருக்குத் தோட்டம். அதனால தண்ணியில் இருக்கிற உப்பு எங்க வீட்டுத் திண்ணையில் தினமும் பேசப்படுற விஷயம்.

முதல்ல தனிமம். இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச நமக்கு "எலிமெண்ட்"னு சொன்னாத்தான் பழக்கம். ஆனா தமிழ்ப் பெயர் நல்லாவே விஷயத்தைச் சொல்லுது: தனியா நிற்பது, இதுக்கு மேல பிரிக்க முடியாதது. ஒரு அணு எந்தத் தனிமம்னு தீர்மானிக்கிறது ஒரே ஒரு எண்ணிக்கைதான், அதன் நடுவில் எத்தனை புரோட்டான். 11 இருந்தா சோடியம். 12 இருந்தா மெக்னீசியம். 19 பொட்டாசியம், 20 கால்சியம். நியூட்ரான் ஒன்று ரெண்டு கூடலாம் குறையலாம், அப்பவும் அதே தனிமம், எடை மட்டும் மாறும். அதைத்தான் ஐசோடோப்னு சொல்றோம். வெளியில் சுத்துற எலக்ட்ரான் வரும், போகும். அப்பவும் அதே தனிமம், மின்சுமை மட்டும் மாறும். அது அயனி. புரோட்டான் எண்ணிக்கை மாறினா மட்டும்தான் ஆளே வேற.

வேதிவினைன்னு நாம சொல்ற எல்லாமே வெளியில் இருக்கிற எலக்ட்ரான் சமாச்சாரம். எரிக்கிறது, புளிக்க வைக்கிறது, சமைக்கிறது, ஜீரணிக்கிறது, பாக்டீரியா தின்கிறது, எதுவுமே நடுவில் இருக்கிற புரோட்டானைத் தொடுறதில்லை. அதனால எந்த என்சைமாலும் ஒரு சோடியம் அணுவை வேற ஒன்றா மாத்த முடியாது. சோடியம் மாறவே மாறாதான்னா, மாறும். அணு உலையில் ஒரு நியூட்ரான் கூடுதலா வாங்கின சோடியம்-24, 15 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதிப் பாதியா மெக்னீசியமா மாறிட்டே போகும். ஆனா அது உலை வேலை, ஜாடி வேலை இல்லை.

இந்த அயனி விஷயத்தில்தான் பயாலஜி பசங்க அதிகம் வழுக்குறாங்க. லேபில் மண்ணெண்ணெயில் முக்கி வைத்திருக்கிற சோடியமும், ரசத்தில் போடுற சோடியமும் ஒரே தனிமமா? ஆமா, ரெண்டிலும் 11 புரோட்டான். மண்ணெண்ணெயில் இருக்கிற அணுவில் எலக்ட்ரானும் 11. அதில் கடைசி ஒன்று ரொம்பத் தளர்வா இருக்கும். தண்ணியில் போட்டா அதைத் தள்ளிவிட்டுச் சூடாகித் தீப்பிடிக்கும். ரசத்தில் இருக்கிறது ஏற்கெனவே அந்த ஒன்றைக் கொடுத்துட்டு அமைதியான அயனி. வாங்கிக்கிட்டது குளோரின், 17 புரோட்டான், தனியா இருந்தா மூச்சை அடைக்கிற விஷ வாயு. கொடுக்கல் வாங்கல் முடிஞ்சதும் ரெண்டும் சேர்ந்து சமையல் உப்பு. 1807-ல் ஹம்ஃப்ரி டேவி உருகிய காஸ்டிக் சோடாவில் மின்சாரம் பாய்ச்சி, போன எலக்ட்ரானை வலுக்கட்டாயமா திருப்பிக் கொடுத்துத்தான் முதன்முதலா சோடியத்தை உலோகமாப் பார்த்தார். பொட்டாசியத்தையும் அதே வருஷம் அதே வழியில் பிரிச்சார்.

சோடியத்தை வீட்டிலேயே அடையாளம் பார்க்கலாம். ரசம் பொங்கி அடுப்பில் வழியும்போது நீல நெருப்பு சட்டுன்னு மஞ்சளாகும், கவனிச்சிருப்பீங்க. சூட்டில் சோடியத்தோட வெளி எலக்ட்ரான் மேல எகிறிக் கீழே இறங்கும்போது விடுற வெளிச்சம் அது. பொட்டாசியம்னா வெளிர் ஊதா. மண் பரிசோதனை நிலையத்தில் இருக்கிற ஃப்ளேம் போட்டோமீட்டர் இந்த வெளிச்சத்தை அளந்துதான் எது எவ்வளவுன்னு சொல்லுது.

இப்போ சாயப்பட்டறைக்குப் போவோம். பனியன் துணி பருத்தி, பருத்தின்னா செல்லுலோஸ்: கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், அவ்வளவுதான். தண்ணியில் நனைஞ்ச பருத்தியோட மேற்பரப்பில் லேசா எதிர்மின்சுமை இருக்கும். நாம போடுற ரியாக்டிவ் சாயத்துக்கும் எதிர்மின்சுமை. ரெண்டும் ஒன்றை ஒன்று தள்ளும். சாயம் துணிக்குள்ள போகாம தண்ணியிலேயே சுத்திக்கிட்டு இருக்கும். இதுக்கு நடுவில் சமாதானம் பண்ணத்தான் உப்பு. நேர்மின்சுமை உள்ள சோடியம் அயனிகள் கூட்டமா வந்து அந்தத் தள்ளுதலை மறைச்சிடும், சாயம் நூல்கிட்ட நெருங்கும். அப்புறம் சோடா ஆஷ் போட்டதும் சாயம் செல்லுலோஸோட சகப்பிணைப்பில் பூட்டிக்கும். துணி துவைச்சாலும் சாயம் போகாததுக்கு இந்தப் பூட்டுதான் காரணம்.

கவனிக்க வேண்டியது, சோடியம் எதோடவும் சேரலை. வந்தது, கூட்டம் சேர்த்தது, வேலை முடிஞ்சதும் அப்படியே வெளியே போகுது. போட்ட உப்பு முழுக்கக் கழிவில்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. அடர்த்தியான ஷேடுக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்புன்னு வைங்க, இதுக்கு மேலயும் போடுவாங்க. கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணி. 150 கிராம் டி-ஷர்ட் ஒன்றுக்கு 1.2 லிட்டர், அதாவது 72 கிராம் உப்பு. நீங்க போட்டிருக்கிற நேவி ப்ளூ டி-ஷர்ட்டோட எடையில் கிட்டத்தட்டப் பாதி. சோடியத்தோட அணு நிறை 23, குளோரினோடது 35.5, கூட்டினா 58.5. 72-ஐ 58.5-ஆல் வகுத்தா 1.23 மோல். ஒரு மோல்னா 6.022-க்கு அப்புறம் பத்தின் அடுக்கு 23. ஆக ஒரு டி-ஷர்ட்டுக்கு எழுநூறு கோடி கோடி கோடிக்கும் மேல சோடியம் அணுக்கள் ஆத்துக்கோ ஆலைக்கோ போகுது. எத்தனை உள்ளே போச்சோ அத்தனையும் வெளியே வரும், ஒன்றுகூடக் குறையாது. மோல்ங்கிற விஷயமே எதுக்குன்னு கேட்டவங்களுக்கு, இந்த மாதிரி உள்ளே எத்தனை வெளியே எத்தனைன்னு எண்ணுறதுக்குத்தான்.

சாயம் வேற கதை. சாயம் தனிமம் இல்லை, மூலக்கூறு. பெரும்பாலான ரியாக்டிவ் சாயங்களில் ரெண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் கை கோத்து நிற்கும், ரெண்டு பக்கமும் பென்சீன் வளையங்கள். அந்த நீளமான அமைப்பில் எலக்ட்ரான்கள் பரவிக் கிடக்கிறதாலதான் நிறம். நைட்ரஜன் கையைப் பிரிச்சு விட்டா நிறம் செத்துடும். ஓசோன் பிரிக்கும், குளோரின் பிரிக்கும், காற்று இல்லாத இடத்தில் வளர்ற பாக்டீரியாவும் பிரிக்கும். ஜாடியில் நடந்தது அதுதான். அங்கேயும் அணு எதுவும் அழியலை. நைட்ரஜன் நைட்ரஜனாகவே இருக்கு, வேற மூலக்கூறில். அதில் சில அரோமேட்டிக் அமீன்கள், கண்ணுக்குத் தெரியாது, ஆனா சிலது புற்றுநோயோட தொடர்புடையது. அதனால காற்றில்லாத கட்டத்துக்கு அப்புறம் காற்று கொடுத்து இன்னொரு கட்டம் வேணும். உங்க போஸ்டரில் ரெண்டாவது கட்டம் இருக்கான்னு பார்த்துக்கோங்க.

டர்க்காய்ஸ் ஷேடைப் பத்தி மட்டும் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா அது உங்க சப்ஜெக்ட். அந்த மயில்கழுத்து நீலச் சாயத்தோட நடுவில் ஒரு தாமிர அணு உட்கார்ந்திருக்கு. சுத்தி நாலு நைட்ரஜன், அதைச் சுத்திப் பெரிய வளையம். இந்தப் படத்தைத் தாவரவியல் புக்கில் பார்த்திருப்பீங்க. பச்சையத்திலும் நாலு நைட்ரஜன், நடுவில் மெக்னீசியம். விலங்கியல் புக்கில் ஹீம்: நாலு நைட்ரஜன், நடுவில் இரும்பு. வைட்டமின் பி12: அதே குடும்பத்து வளையம், நடுவில் கோபால்ட். நடுவில் இருக்கிற ஒரு அணுவும், சுத்தி இருக்கிற வளையத்தில் சின்னச் சின்ன வித்தியாசமும். அவ்வளவில் ஒன்று துணிக்குச் சாயம், ஒன்று இலை, ஒன்று ரத்தம்.

நடு அணுவை வெளியே எடுக்கிறதையும் நீங்க பார்த்திருக்கீங்க. கீரை வேகும்போது புளி விட்டா பச்சை மங்கிப் பழுப்பாகும். புளியோட அமிலத்திலிருந்து ரெண்டு ஹைட்ரஜன் உள்ளே நுழைஞ்சு மெக்னீசியத்தை வெளியே தள்ளிடும். மெக்னீசியம் எங்கேயும் போகலை, குழம்பில்தான் இருக்கு, சாப்பிடத்தான் போறோம்.

டர்க்காய்ஸ் வளையத்தை உடைச்சா தாமிரமும் அப்படித்தான், சேற்றில் நிற்கும். தாமிரம் கெட்டதுன்னு இல்லை. உங்க மைட்டோகாண்ட்ரியாவில் கடைசியா ஆக்சிஜனைத் தொடுற என்சைமில் தாமிரம் இருக்கு. ஆனா அளவு. குண்டடம் பக்கம் ஆடு மாடு வைத்திருக்கிறவங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரிஞ்சிருக்கும்: மாட்டுக்குன்னு வாங்கின தாது உப்புக் கலவையைச் செம்மறிக்கு அப்படியே போடக் கூடாது. செம்மறி ஆட்டுக்குத் தாமிரத்தை வெளியேற்றும் திறன் குறைவு, கல்லீரலில் சேர்த்து வைத்துச் சேர்த்து வைத்து ஒரு நாள் விஷமாகும். மாடு தாங்குற அளவைச் செம்மறி தாங்காது. தனிமம் ஒன்றுதான், உடம்பு வேற.

நொய்யல் கதையை இப்போ படிச்சா வேற மாதிரி புரியும். வெள்ளியங்கிரி மலையில் கிளம்பி, கோவை, திருப்பூர் தாண்டிக் காவிரியில் சேர்ற ஆறு. சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் பாசனத்துக்காக அணை கட்டி முடிச்சாங்க. அதே காலகட்டத்தில்தான் திருப்பூர் பனியன் ஏற்றுமதி வேகம் பிடிச்சது. 1990-களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பு போட்டாங்க, ஃபெரஸ் சல்ஃபேட் போட்டாங்க, நிறம் பெரும்பாலும் அடங்குச்சு. சோடியத்துக்கும் குளோரைடுக்கும் அது எதுவுமே பண்ணலை. போட்ட மருந்துகளே கொஞ்சம் கரைஞ்சு உப்பைக் கூட்டத்தான் செய்தன. வெளிவிடுற கழிவு நீருக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தோட டிடிஎஸ் வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். லிட்டருக்கு 60 கிராம்னா 60,000 மில்லிகிராம். அலசுற தண்ணி கலந்து நீர்த்தாலும் இந்த இடைவெளி மூடாதுன்னு சொல்ல கால்குலேட்டர் வேண்டாம்.

பாசனத்துக்குன்னு கட்டின அணையில் உப்புத் தண்ணி தேங்குச்சு. ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் ஹைகோர்ட்டுக்குப் போச்சு. வருஷக்கணக்கா நடந்து, 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் கழிவே வெளியே விடாத நிலை வரும்வரை திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போ நமக்கெல்லாம் பால்வாடி வயசுகூட முழுசா வரலை. வேலை போன குடும்பங்களும் இருந்தன, கிணறு போன குடும்பங்களும் இருந்தன. சில இடங்களில் ரெண்டும் ஒரே குடும்பம்.

"கழிவே இல்லை"ன்னு சொல்ற அந்த முறை என்ன பண்ணுது? ஆர்ஓ சவ்வில் தண்ணியை ஒரு பக்கம், உப்பை ஒரு பக்கம் பிரிக்குது. செறிவான உப்புத் தண்ணியைக் காய்ச்சி ஆவியாக்குது. பிரிக்குதே தவிர எதையும் அழிக்கலை. இது கெமிஸ்ட்ரி தோத்துப்போன இடம்னு சிலர் சொல்றாங்க. எனக்கென்னவோ இதுதான் நேர்மையான பொறியியல்னு தோணுது. சோடியத்தை இல்லாம ஆக்க முடியாதுன்னு ஒத்துக்கிட்டு, எங்கே வைக்கிறதுன்னு மட்டும் யோசிச்சிருக்காங்க. சோடியம் சல்ஃபேட்டைத் தனியாப் படிய வைத்தா திரும்பச் சாயத் தொட்டிக்கே போகலாம். ரெண்டு மூணு உப்பு கலந்து வர்றது எதுக்கும் ஆகாம மூட்டை மூட்டையா ஷெட்டில் அடுக்கிக் கிடக்கும்.

நொய்யல் எங்க ஊருக்கு வடக்கே ஓடுது, எங்க பக்கத்து மழைத்தண்ணி உப்பாறு வழியா அமராவதிக்குப் போகும். உப்பாறுன்னு பேரிலேயே உப்பு இருக்கு பாருங்க. எங்க வீட்டு போர் தண்ணியில் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாப் படியும். அது சாயப்பட்டறை உப்பு இல்லை, பாறையிலிருந்து கரைஞ்ச கால்சியமும் மெக்னீசியமும். மீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. டிடிஎஸ் மீட்டர் அளக்கிறது தண்ணி எவ்வளவு மின்சாரம் கடத்துதுன்னு மட்டும்தான். 1500-னு காட்டினா, அது எந்தத் தனிமத்தோட 1500-னு சொல்லாது. ஆனா தோட்டத்துக்கு அதுதான் முக்கியம்.

ஏன்னா களிமண் துகளுக்கும் எதிர்மின்சுமை, நனைஞ்ச பருத்தி மாதிரியே. ரெண்டு நேர்மின்சுமை உள்ள கால்சியம் துகள்களை இழுத்துச் சேர்த்துப் பொலபொலன்னு வைக்கும். ஒன்று மட்டும் உள்ள சோடியம் வந்து அந்த இடத்தைப் பிடிச்சா துகள்கள் பிரிஞ்சுடும். நனைஞ்சா சேறு, காஞ்சா கட்டி, தண்ணி கீழே இறங்காது. ஜிப்சம் போடச் சொல்றது இதுக்குத்தான். ஜிப்சத்தில் இருக்கிற கால்சியம் சோடியத்தைக் கிளப்பிவிடும், அப்புறம் நல்ல தண்ணி விட்டுக் கழுவணும். இங்கேயும் சோடியம் அழியலை, வேருக்குக் கீழே தள்ளியிருக்கோம்.

செல்லுக்குள்ள இன்னொரு சண்டை. சோடியமும் பொட்டாசியமும் தனிம அட்டவணையில் ஒரே பத்தியில் மேல கீழ வீட்டுக்காரங்க, ரெண்டுக்கும் ஒரே மின்சுமை, பொட்டாசியம் அயனி கொஞ்சம் பெருசு. நம்ம செல்லுக்குள்ள பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். ஒவ்வொரு ஏடிபிக்கும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிற பம்ப் நமக்கு இருக்கு. அதை 1957-ல் கண்டுபிடிச்ச யென்ஸ் ஸ்கோவுக்கு நோபல் கிடைச்சது 1997-ல். செடிகளுக்கு அந்த பம்ப் கிடையாது. ஹைட்ரஜன் அயனியை முன்னால விட்டு, அது திரும்பி வர்ற வேகத்தில்தான் சோடியத்தை வெளியே தள்ளும். சோடியம் அதிகமானா அது சமாளிக்காது. பொட்டாசியம் உட்கார வேண்டிய என்சைமில் சோடியம் போய் உட்கார்ந்தா வேலை நடக்காது. எங்க பக்கத்துச் சின்ன வெங்காயம் இதுக்கு ரொம்ப மென்மை, சீக்கிரம் நுனி கருகும். தென்னைக்கோ உப்பு வைக்கிற பழக்கமே உண்டு. தென்னைக்குப் பிடிச்சது அதில் இருக்கிற குளோரைடு. சோடியம் கூட வந்த விருந்தாளி, தோட்டத்திலேயே தங்கிடும்.

அப்போ பயாலஜி படிக்கிறவங்க இதில் என்னதான் பண்றது? உமரி மாதிரி உப்புச் செடிகள் சோடியத்தை இலைக்குள்ள இழுத்துச் சேர்த்து வைக்கும். நல்ல ப்ராஜெக்ட்தான், ஆனா செடியை அறுத்து வயலுக்கு வெளியே கொண்டு போறது வரைக்கும் உங்க திட்டத்தில் இருக்கணும். அங்கேயே உதிர்ந்து மக்கினா உப்பு அங்கேயேதான். இன்னொரு வழி, உப்பே போடாம சாயம் ஏத்துறது. பருத்தி மேல நிலையான நேர்மின்சுமை உள்ள நைட்ரஜன் தொகுதியை முன்னாடியே ஒட்டிட்டா சாயம் தானா வந்து ஒட்டும், சோடியம் கூட்டம் தேவைப்படாது. ஒரே சீரா நிறம் வர்றது கஷ்டம், செலவும் உண்டு. என்சைம் வைத்துப் பருத்தியோட மேற்பரப்பை மாத்துறதில் பயோடெக்குக்கு இடம் இருக்கு, எங்க டிபார்ட்மெண்ட் பசங்களோட சேர்ந்து செய்யலாம்.

தோட்டம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் இந்த லீவில் ஒன்று செய்யுங்க. மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணியில் மூணு தடவை அலசி, நிரப்பி, பாசன நீர்ப் பரிசோதனைக்குக் கொடுங்க. டிடிஎஸ் எவ்வளவுன்னு மட்டும் கேட்டுட்டு வராதீங்க. சோடியம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு, மெக்னீசியம் எவ்வளவுன்னு தனித்தனியா எழுதி வாங்குங்க. ரிசல்ட் வந்ததும் சோடியத்தை 23-ஆலும், கால்சியத்தை 40-ஆலும், மெக்னீசியத்தை 24-ஆலும் வகுத்து, எந்த அணு எத்தனைன்னு அப்பா அம்மாகிட்ட காட்டுங்க. ஜிப்சம் வாங்கலாமா வேண்டாமான்னு அவங்க யோசிக்கிறப்போ அந்தக் காகிதம் கையில் இருக்கட்டும்.